ஒரு வைரமும் ஒரு ஜாடி மார்மைட்டும்

மெஹர்பாய் டாடாவின் கழுத்தில் ஒரு வைரம் இருந்தது. எடை 245 காரட். கோஹினூரைப் போல இருமடங்குக்கும் மேல். 1895இல் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் கிடைத்த கல் அது. விக்டோரியா அரசி பட்டமேறி அறுபதாண்டு நிறைந்த விழாவை ஒட்டி அதற்கு ‘ஜூபிலி’ என்று பெயர் வந்தது. ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் தோராப்ஜி அதை மனைவிக்காக வாங்கினார். 1924இல் ஜாம்ஷெட்பூர் இரும்பாலை பணமில்லாமல் தத்தளித்தபோது தம் சொந்தச் சொத்தை எல்லாம் வங்கியில் ஈடு வைத்தார். அந்த வைரமும் அதில் இருந்தது. ஆலை பிழைத்தது, கல்லும் வீடு திரும்பியது.

வைரத்தை மீட்க முடிந்தவரால் மனைவியை மீட்க முடியவில்லை. 1931 ஜூன் 18 அன்று, வேல்ஸ் நாட்டில் சிகிச்சையில் இருந்தபோது, மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது 51. இந்தியாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர் உலகத்தில் எந்த மருத்துவரை வேண்டுமானாலும் அழைத்திருக்கலாம். அழைத்து என்ன செய்வது? அன்று ரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவர்கள் கையில் இருந்தவை ஆர்சனிக் கரைசலும் எக்ஸ்ரே கதிரும்தான். இரண்டும் நோயைச் சிறிது காலம் அடக்கிவைக்கும், அவ்வளவே.

தம்பதிக்குக் குழந்தை இல்லை. 1932 மார்ச்சில் தோராப்ஜி தம் சொத்து முழுவதையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அந்த வைரம், மனைவியின் மற்ற நகைகள், பங்குகள், நிலம், கட்டடம், எல்லாம் சேர்ந்து அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். அடுத்த மாதமே மனைவியின் பெயரில் இன்னொரு நிதி, லேடி டாடா நினைவு அறக்கட்டளை. ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியை உலகில் யார் செய்தாலும் அதிலிருந்து உதவி பெறலாம். பிறகு மனைவியின் கல்லறையைப் பார்க்க இங்கிலாந்துக்குக் கிளம்பியவர், வழியில் ஜெர்மனியில் ஜூன் 3 அன்று இறந்துபோனார்.

சட்டக் கண்ணால் பார்த்தால் அவர் எழுதியது உயில் அல்ல, அறக்கட்டளைப் பத்திரம். ஆனால் பிள்ளையில்லாத எழுபத்திரண்டு வயதுக்காரர், சாவுக்கு மூன்று மாதம் முன்பு, தாம் பார்க்கப்போகாத ஒன்றுக்காக எழுதிவைத்த தாள் அது. உயிலின் உயிர் எதுவோ அது அதில் இருந்தது. புற்றுநோய்க்கென்று உயிலில் பணம் எழுதுகிற ஒவ்வொருவரும் அவருடைய அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். எந்த மருந்துக்கு அந்தப் பணம் போகும் என்று எழுதுபவருக்குத் தெரியாது. வாங்கிக்கொள்கிற ஆய்வுக்கூடத்துக்கும் தெரியாது. இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, மெஹர்பாய் இறந்த அதே மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

1931 ஜூனில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுநோய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகை பற்றிய கட்டுரை அது. 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே அந்த நோயைத் தேடியவர் அவர். 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்தார். 1931 தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில், இன்றும் மக்கள் வாயில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே வழங்கும் மருத்துவமனையில் வேலை செய்தார். அந்தப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிட வழியில்லாமல் இருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவர் பார்த்ததை நாமும் ஒருமுறை கிட்டத்தில் பார்க்கலாம். விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்ல இழுத்துப் பூசி, சாயமிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறோம். நல்ல ரத்தத்தில் சிவப்பணுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும், ஓரம் தடித்து, நடுவில் குழிந்து. லூசி வில்ஸ் பார்த்த பெண்களின் ரத்தத்தில் அணுக்கள் குறைவு. இருந்தவையோ அளவுக்கு மீறிப் பெரியவை. ரத்தம் குறைந்த உடம்பில் ஏன் அணு பருக்க வேண்டும்?

விடை எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு விநாடியும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் முதலில் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட புத்தகம் அது. அந்த நான்கில் ஒன்றான தைமின் மட்டும் ஒவ்வொரு படிக்கும் முந்நூறு கோடிக்கு மேல் வேண்டும். தைமினைச் செய்ய, கிட்டத்தட்ட அதே வடிவிலுள்ள வேறொரு மூலக்கூறின் மேல் ஒரே ஒரு கார்பன் அணுவைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கார்பன். அதைச் சுமந்துவரும் கூலியாள்தான் ஃபோலேட் என்ற வைட்டமின். கீரையிலும் பயறிலும் ஈரலிலும் இருப்பது. கூலியாள் வராவிட்டால் எழுத்து தயாராகாது, படி முடியாது. செல்லின் உடம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும், ஆனால் இரண்டாகப் பிரிய முடியாது. லூசி வில்ஸ் கண்ணாடியில் பார்த்த பருத்த அணுக்கள் இப்படிப் பாதிவழியில் நின்றுபோனவை.

ஜூபிலி வைரமும் முழுக்க முழுக்கக் கார்பன்தான். ஏறத்தாழ 49 கிராம். அத்தனை கார்பன் கழுத்தில் கிடந்தபோதும், மஜ்ஜைக்குள் கார்பன் ஒவ்வொன்றாகத்தான் போய்ச் சேர வேண்டும், ஃபோலேட்டின் முதுகில்.

இதெல்லாம் அன்று லூசி வில்ஸுக்குத் தெரியாது. ஃபோலேட் என்ற பெயரே பத்தாண்டு கழித்துத்தான் வந்தது. அவருக்குத் தெரிந்தது ஒரு ஜாடி மார்மைட். இலங்கைத் தமிழர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பியர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்கிற, கரிய, உப்புக் கரிக்கும் பசை. ஆய்வகத்தில் ரத்தசோகை கண்ட குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார், தேறியது. பெண்களுக்குக் கொடுத்தார். சில நாட்களில் பசி திரும்பியது, புதிய சிவப்பணுக்கள் ரத்தத்தில் தலைகாட்டின. ஈஸ்ட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எழுதினார். பல ஆண்டுகள் அந்த ‘ஏதோ ஒன்று’க்கு வில்ஸ் காரணி என்றே பெயர். 1941இல் அமெரிக்காவில் டன் கணக்கான பசலைக் கீரையை அரைத்து வடித்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். இலையிலிருந்து வந்ததால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இலத்தீனில் ‘ஃபோலியம்’ என்றால் இலை.

அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி அணிந்து அறுவை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றோடு வெளியே வந்தார். உடன்பிறந்தவர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்குப் பின்னாளில் மருந்தானவற்றுள் ஒன்று இதே ஃபோலிக் அமிலம். 1922இல் அவர் பாஸ்டனுக்குக் கப்பலேறியபோது, மாமனார் திரட்டிய பணமும், காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்கம் நாயக்கர் அறக்கட்டளை கொடுத்த உறுதியும்தான் துணை. இறந்துபோன ஒரு வணிகர் விட்டுச்சென்ற சொத்தில் நடந்த அறம் அது. அந்தச் சொத்து, முகம் தெரியாத ஒரு மாணவனுக்குப் பக்கபலமாக நின்றது. அவன் என்ன கண்டுபிடிப்பான் என்று யாருக்குத் தெரியும்?

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்றொரு நோயியல் மருத்துவர் இருந்தார். இறந்த குழந்தைகளின் உடலைச் சோதிப்பது அவர் வேலை. ரத்தப் புற்றுநோயில் மஜ்ஜை, பக்குவமடையாத வெள்ளணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெற்றுத் தள்ளும். நல்ல அணுக்களுக்கு இடமே இருக்காது. ஃபோலேட் இல்லாத மஜ்ஜையும் வேறொரு விதத்தில் பக்குவமடையாமல்தான் கிடக்கும். அப்படியானால் ஃபோலேட் கொடுத்தால் இந்தக் குழந்தைகளின் மஜ்ஜையும் சீராகாதா? சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்த ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகமெடுத்தது.

மனமுடைந்து போக வேண்டிய இடம். ஃபார்பர் அந்தத் தோல்வியையே உற்றுப் பார்த்தார். புற்றணுக்களும் பிரிந்து பெருக ஃபோலேட்டுக்குத்தான் ஏங்குகின்றன. அப்படியென்றால் அதைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலிகளையும் செய்துகொண்டிருந்தது. அவற்றில் ஒன்று அமினாப்டெரின். அசலில் ஓர் ஓரத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டியிருக்கும் இடத்தில், போலியில் ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும். பெரிய வித்தியாசம் இதுதான். கார்பனை இறக்கிவைத்த ஃபோலேட்டை மறுபடி சுமைக்குத் தயார் செய்கிற நொதி ஒன்று செல்லுக்குள் உண்டு. போலி அந்த நொதிக்குள் பூட்டில் நுழையும் சாவியைப் போல நுழைந்துவிடும். ஆனால் திரும்பாது, எளிதில் வெளியே வராது. கூலியாட்கள் வேலைக்கு வருவது நின்றுபோகும். தைமின் கிடையாது. படியெடுப்பு நடுவில் நிற்கும்.

1948 ஜூன் 3 தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவுகள் வெளிவந்தன. பதினாறு குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்ததில் பத்துப் பேரிடம் முன்னேற்றம். வீங்கிக் கிடந்த மண்ணீரல் சுருங்கியது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அது நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனால் குழந்தைகளின் தீவிர ரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்குப் பின்வாங்கும் என்று உலகம் அன்றுதான் கண்டது. தோராப்ஜி இறந்து அன்றோடு சரியாகப் பதினாறு ஆண்டு. இரண்டு மாதம் கழித்து சுப்பாராவும் இறந்துவிட்டார்.

அமினாப்டெரினின் தங்கை மெத்தோட்ரெக்சேட் இன்றும் எல்லா ஊர் மருந்துக்கடையிலும் இருக்கிறது. அதையும் வேறு பல மருந்துகளையும் ஒன்றுசேர்த்து, அளவையும் வரிசையையும் பல்லாண்டு திருத்தித் திருத்தி, குழந்தைகளுக்கு வரும் தீவிர ரத்தப் புற்றுநோயின் மிகப் பரவலான வகையை வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாக்குகிறார்கள். 1948க்கு முன் அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட சுழி.

இப்போது 1931 ஜூனுக்குத் திரும்புவோம். மனைவியைப் பறிகொடுத்தவரிடம் ஒருவர் வந்து, ‘ஐயா, ரத்தப் புற்றுநோயை வெல்ல வழி, பம்பாய் ஆலைப் பெண்களுக்கு ஒரு மருத்துவர் கொடுத்துக்கொண்டிருக்கும் ஈஸ்ட் பசையில் இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா? சொன்னவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அன்று ரத்தப் புற்றுநோய் நிபுணர்களின் கூட்டத்தைக் கூட்டிக் கேட்டிருந்தாலும் ஒருவரும் லூசி வில்ஸின் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். லேடி டாடா நிதியின் பத்திரத்தில் எனக்குப் பிடித்ததே அதன் அகலம்தான். ரத்தப் புற்றுநோய் என்று எழுதினார்கள், எந்த வழி என்று எழுதவில்லை. ‘ஆர்சனிக் சிகிச்சையை மேம்படுத்த’ என்று எழுதியிருந்தால் அந்த நிதியின் கை கட்டப்பட்டிருக்கும். லேடி டாடா நினைவு அறக்கட்டளை இன்றும் ரத்தப் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை கொடுத்துவருகிறது.

உயில் எழுதுகிற எவருக்கும் இது பயன்படும். நாம் இழந்தவரின் நோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மனம் விரும்பும், அதில் தவறில்லை. ஆனால் குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட மருந்துக்கு என்று கட்டிப்போட வேண்டாம். உயில் நடைமுறைக்கு வர இருபது முப்பது ஆண்டு ஆகலாம். அதற்குள் அந்தக் கருவி காட்சியகத்துக்குப் போயிருக்கும். அதேபோல ‘ஒரு லட்ச ரூபாய்’ என்று தொகையாக எழுதினால் விலைவாசி அதைத் தின்றுவிடும். எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதில் இத்தனை பங்கு என்று எழுதினால் நிலைக்கும். பிரிட்டனில் ‘கேன்சர் ரிசர்ச் யூகே’ அமைப்பு நடத்தும் ஆராய்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி உயில் வழியாக வரும் பணத்தில் நடக்கிறது. அப்படி எழுதிவைத்தவர்களில் பெரும்பாலோர் கோடீஸ்வரர்கள் அல்ல, சாதாரண வீட்டுக்காரர்கள். சொத்தில் பத்தில் ஒரு பங்கை அறத்துக்கு விட்டால் மிச்சத்தின் மேல் விழும் மரபுரிமை வரி 40 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறையும் என்று அங்கே சட்டமும் கை கொடுக்கிறது.

நம் நாட்டில் சாவுக்குப் பின் சொத்தின் மேல் விதிக்கும் வரி 1985இலேயே போய்விட்டது. உயில் எழுத முத்திரைத்தாள்கூட வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். சாட்சிகள் அந்த உயிலால் ஆதாயம் அடையாதவர்களாக இருப்பது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை, பதிந்தால் பின்னால் வழக்கு வரும்போது தெம்பு. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சுயார்ஜிதச் சொத்தை இந்துக்கள் விருப்பம்போல் எழுதலாம். முஸ்லிம்கள், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். கிறிஸ்தவர்களுக்கு ஒரு விசித்திரத் தடை இருந்தது. நெருங்கிய உறவு உள்ளவர் தருமத்துக்கு எழுதும் உயிலை, சாவுக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். தன் சாவை ஓராண்டு முன்பே யார் கணிப்பது? 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. ‘உயில் எழுதினால் சாவு வந்துவிடும்’ என்று நம் வீடுகளில் சொல்வதுதான் மிஞ்சியிருக்கும் பெரிய தடை.

தோராப்ஜியின் பெரிய அறக்கட்டளை அந்த வைரத்தைப் பின்னர் விற்றது. அது கைமாறிக் கைமாறி இன்று ஒரு தனியார் சேகரிப்பில் இருக்கிறது. அறக்கட்டளை 1941 பிப்ரவரி 28 அன்று பம்பாய் பரேலில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தது. டாடா நினைவு மருத்துவமனை. பின்னர் அது அரசுக்கும், 1962இல் அணுசக்தித் துறைக்கும் போனது. அந்தத் துறையின் தலைமையில் அப்போது இருந்தவர் ஹோமி பாபா, மெஹர்பாயின் சகோதரருடைய மகன். இன்று வடகிழக்கிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வரும் நோயாளிகள் அந்த மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கல்லை விற்றது ஏன் சரி என்று விளக்க வேண்டியதில்லை.

2021 ஜூனில், மெஹர்பாய் இறந்து சரியாகத் தொண்ணூறு ஆண்டு கழித்து, நவி மும்பை கார்கரில் உள்ள அதே டாடா நினைவு மையத்தின் ஆய்வு வளாகத்தில் புதிதாக ஒன்று தொடங்கியது. நோயாளியின் ரத்தத்திலிருந்து ‘டி’ வகை வெள்ளணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். வீரியம் நீக்கிய வைரஸ் ஒன்றின் வழியாக அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். அதன்பின் அந்த அணுக்களின் மேற்பரப்பில் ஒரு கொக்கி முளைக்கிறது. சில வகை ரத்தப் புற்றணுக்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் கொக்கி. சில நாட்கள் கூடத்தில் வளர்த்து, எண்ணிக்கையைப் பெருக்கி, ஒரு பையில் அடைத்து உறையவைக்கிறார்கள். ஐஐடி மும்பையும் டாடா மையமும் சேர்ந்து உருவாக்கிய இந்தச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் இதே வகைச் சிகிச்சைக்கு ஆகும் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கிய அந்தப் பையைக் கம்பியில் தொங்கவிடுகிறார்கள். உள்ளே இருப்பது பார்வைக்கு ஒன்றுமில்லாத கலங்கிய திரவம். நோயாளியின் சொந்த அணுக்கள், துளித்துளியாக, அவர் கைநரம்புக்குத் திரும்பிப் போகின்றன.